பத்மினி டாக்ஸியின் கியர் ஏன் அப்படித் தொளதொளத்தது?

மும்பையில் பழைய காலி பீலி டாக்ஸியில், அதாவது கறுப்பு-மஞ்சள் அடித்த பிரீமியர் பத்மினி காரில், முன்சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு ஓட்டுநரின் இடது கை நன்றாக நினைவிருக்கும். ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியைத் தன் பக்கம் இழுப்பார், மேலே தூக்குவார், நடுவில் கொஞ்ச நேரம் எதையோ தேடுவார், அப்புறம் ஒரு தள்ளு, எங்கோ காலுக்குக் கீழே டக்கென்று ஒரு சத்தம், வண்டி நகரும். ஏன் இப்படி என்று கேட்டால் 'கியர் பாக்ஸ் போயிடுச்சு' என்றுதான் பலரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மையில்லை. பாக்ஸ் நன்றாகத்தான் இருக்கும். தேய்ந்துபோனது குச்சிக்கும் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிற வழி.

சயான் கோலிவாடாவில் ஒரு திருநெல்வேலிக்கார மெக்கானிக் இருந்தார். கியர் விழவில்லை என்று யார் வண்டியைக் கொண்டுவந்தாலும் முதலில் பானெட்டைத் தூக்கி ஸ்டியரிங் தண்டின் அடியில் கையை விட்டு ஆட்டிப் பார்ப்பார். "தம்பி, பாக்ஸை இறக்கச் சொன்னா எனக்குக் காசு, ஆனா உனக்குக் கியர் விழாது" என்பார்.

பாக்ஸுக்குள்ளே நடப்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். இரண்டாம் கியரிலிருந்து மேலே உள்ள பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுற்றிக்கொண்டிருக்கும், ஆனால் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தன் தண்டின்மேல் சும்மா உருளும். கவட்டை மாதிரியான ஒரு ஃபோர்க் வந்து, தண்டோடு சுற்றும் ஒரு வளையத்தை நகர்த்தி அதில் ஒன்றைத் தண்டோடு பூட்டினால் அந்தக் கியர் விழுந்தது என்று அர்த்தம். பூட்டுவதற்கு முன் இரண்டின் வேகத்தையும் உரசிச் சமப்படுத்துவது சின்க்ரோ. பத்மினிக்கு மூலமான பியட் 1100இலும் சரி, அம்பாசடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டிலும் சரி, சின்க்ரோ இரண்டு, மூன்று, நாலாம் கியர்களுக்குத்தான்; முதல் கியருக்குக் கிடையாது. அதனால்தான் வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியர் போட்டால் அந்தக் கரகர சத்தம். ஆக, வெளியிலிருந்து பாக்ஸுக்குத் தேவைப்படும் கட்டளை இரண்டே இரண்டு: எந்த ஃபோர்க், எந்தப் பக்கம்.

தரையில் நிற்கும் கியர் குச்சிக்கு இது சுலபம். அந்தக் கால வண்டிகளில் அது நேராகப் பாக்ஸின் மண்டையில் ஒரு உருண்டை மூட்டில் நிற்கும். நீங்கள் இடது பக்கம் சாய்த்தால் கீழ்முனை வலது பக்கம் போய் ஒரு ஃபோர்க்கைப் பிடிக்கும், முன்னால் தள்ளினால் அது பின்னால் தள்ளும், அவ்வளவுதான். நடுவில் ஆளே இல்லை.

குச்சி ஸ்டியரிங் தண்டில் இருக்கும் ஏற்பாட்டில், அதாவது ஸ்டியரிங் கியரில், அந்த இரண்டு கட்டளையும் நெஞ்சுக்கு நேரே புறப்பட்டு, ஸ்டியரிங் தண்டோடு இன்ஜின் ரூம் வரை இறங்கி, அங்கிருந்து திரும்பிப் பின்னோக்கி வந்து பாக்ஸின் பக்கவாட்டில் சேர வேண்டும். பழைய வீட்டுக் கதவின் இரும்புத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரே கம்பிதான், ஆனால் திருப்பினால் ஒரு வேலை, இழுத்தால் இன்னொரு வேலை. ஸ்டியரிங் தண்டை ஒட்டி, அல்லது அதைச் சுற்றியே, அதே மாதிரி ஒரு கம்பியோ குழாயோ இருக்கும். குச்சியை உங்கள் பக்கம் இழுத்தாலோ தள்ளினாலோ, மேலே இருக்கும் மூட்டு அந்தக் குழாயைச் சில மில்லிமீட்டர் மேலோ கீழோ நகர்த்தும். இது எந்த ஃபோர்க் என்ற தேர்வு. குச்சியை மேலே தூக்கினாலோ கீழே இறக்கினாலோ குழாய் தன் அச்சில் திரும்பும்; இது கியரைப் போடுவது.

இதில் எளிமையானது அமெரிக்கர்களின் மூன்று கியர் ஏற்பாடு. 1938இல் பாண்டியாக் இதைக் கூடுதல் வசதியாகக் கொடுத்தது, அடுத்த வருடமே பெரும்பாலான அமெரிக்கக் கார்கள் இதற்கு மாறிவிட்டன. காரணம் பெரிய இன்ஜினியரிங் ஒன்றுமில்லை, நீள முன்சீட்டில் நடுவில் உட்காருபவருக்குக் கால் வைக்க இடம் வேண்டும், அவ்வளவுதான். பிக்கப் டிரக்குகளில் இது இன்னும் முக்கியம், மூன்று வேலையாட்கள் ஒரே சீட்டில் போவார்கள். அதனால் கார்களில் மறைந்த பிறகும் டிரக்குகளில் தங்கியது. செவர்லே பிக்கப்புகளில் 1987 மாடல் வரை இருந்தது.

அந்த ஏற்பாட்டில் குழாயின் அடிமுனையில் இரண்டு கரங்கள் தளர்வாக மாட்டியிருக்கும். ஒன்று முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும், இன்னொன்று இரண்டுக்கும் மூன்றுக்கும். குழாயில் ஒரு பின் (சின்ன முளை) துருத்திக்கொண்டிருக்கும். குச்சியை இழுத்தால் அந்தப் பின் ஒரு கரத்தின் வெட்டில் போய் உட்காரும், விட்டால் ஸ்பிரிங் அதை அடுத்த கரத்துக்குத் தள்ளிவிடும். எந்தக் கரத்தில் பின் இருக்கிறதோ அதுதான் குழாயோடு திரும்பும், அதன் ராடு பாக்ஸின் பக்கத்தில் இருக்கும் நெம்பை இழுக்கும், உள்ளே ஃபோர்க் நகரும். நன்றாகக் கவனித்தால் ஒரு சிக்கல் தெரியும். இரண்டு கரங்களின் வெட்டுகளும் நியூட்ரலில் மட்டும்தான் ஒரே நேர்கோட்டில் நிற்கும். அப்போதுதான் பின் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்ட முடியும். ராடின் மூட்டில் இருக்கும் புஷ் (சின்ன உறை) தேய்ந்து ஒரு கரம் கொஞ்சம் பிசகி நின்றால், பின் பாதி இதிலும் பாதி அதிலுமாக மாட்டிக்கொள்ளும். இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழுந்தால் பாக்ஸ் நொறுங்கிவிடும் என்பதால் உள்ளே அதைத் தடுக்க ஒரு பூட்டு இருக்கிறது, அது விடாது. குச்சி கல் மாதிரி நின்றுவிடும். ஓட்டுநர் சிக்னலில் இறங்கி, பானெட்டைத் தூக்கி, இரண்டு கரங்களையும் கையாலேயே நேராக்கிவிட்டுத் திரும்ப வந்து உட்காருவார். வலிமை வேண்டாம், இடம் தெரிந்தால் போதும்.

நாலு கியர் பாக்ஸ்களில் பொதுவாக வழி வேறு. அங்கே ஃபோர்க்குக்கு ஒரு ராடு என்றில்லாமல், தேர்வுக்கு ஒரு ராடு, போடுவதற்கு ஒரு ராடு என்று கட்டளைவாரியாகப் பிரித்துவிடுவார்கள். குழாயின் மேல்-கீழ் அசைவை ஒரு எல் வடிவ நெம்பு திசை மாற்றி ஒரு ராடுக்குக் கொடுக்கும், திரும்புவதை இன்னொரு கரம் இன்னொரு ராடுக்குக் கொடுக்கும். இதில் தேர்வு ராடின் பக்கம் தேய்ந்தால் வரும் கோளாறும் வேறு மாதிரி. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள், கை சரியாகத்தான் போகும், ஆனால் தேர்வு முழுசாகப் போய்ச் சேராமல், மூன்று என்று நினைத்துப் போட்டது ஒன்றின் வாசலில் போய் இடிக்கும். அங்கே சின்க்ரோவும் இல்லையா, பல் அரைக்கும் சத்தம் பின்சீட்டு வரைக்கும் கேட்கும். அந்த ஓட்டுநர்கள் நடுவில் ஒரு விநாடி 'தேடினார்களே', அது பழக்கதோஷம் இல்லை, தேர்வு முழுசாக முடிந்ததா என்று கையால் தடவிப் பார்ப்பது.

சரி, சின்னச் சின்ன மூட்டுகள் தேய்வதால் இவ்வளவு ஆட்டம் எப்படி வரும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புரிவதற்காக வைத்துக்கொள்ளும் எண்கள்தான் இவை: கீழே இருக்கும் கரம் 40 மில்லிமீட்டர், மேலே குச்சி 250 மில்லிமீட்டர். கீழே ஒரு புஷ்ஷில் அரை மில்லிமீட்டர் தேய்மானம் இருந்தால் குச்சியின் முனையில் அது ஆறு மடங்குக்கு மேல் பெருகி 3 மில்லிமீட்டர் ஆகிவிடும். வழியில் இப்படி ஆறு மூட்டுகள் என்றால் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் வெறும் ஆட்டம், அதுவரை பாக்ஸுக்குச் சேதியே போகாது. ஒவ்வொரு மூட்டையும் தனியாகப் பார்த்தால் 'இது நல்லாத்தானே இருக்கு' என்றுதான் தோன்றும், அதுதான் இதில் ஏமாற்றும் விஷயம். அதே ஆறு மடங்கு இன்னொரு பக்கம் நமக்கு உதவவும் செய்கிறது: கை கொடுக்கும் விசையும் அதே அளவு பெருகுவதால்தான் இரண்டு விரலால் கியர் மாற்ற முடிந்தது.

தேய்மானத்தை விடக் குறைவாகப் பேசப்படும் காரணம் ஒன்று உண்டு, எனக்கு இதுதான் சுவாரசியமானது. ஸ்டியரிங் தண்டு பாடியோடு இறுக்கியிருக்கிறது. இன்ஜினும் பாக்ஸும் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கின்றன. க்ளட்சை விட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் ஒரு பக்கம் லேசாகச் சாயும். பாக்ஸின் மேலேயே நிற்கும் தரைக் குச்சி அதோடு சேர்ந்து ஆடிவிட்டுப் போகும், அதற்கு ஒன்றும் ஆகாது. ஸ்டியரிங் கியரிலோ ராடின் ஒரு முனை நிலையாக இருக்க, மறுமுனை ஆடுகிறது, அதாவது யாரும் குச்சியைத் தொடாமலேயே ராடு இழுபடுகிறது. மவுண்ட் ரப்பர் பழசாகிப் பிய்ந்திருந்தால் வேகமெடுக்கும்போது கியர் தானாகவே நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடவும் வாய்ப்பு உண்டு. புஷ் எல்லாம் புதுசாக மாற்றியும் சரியாகவில்லை என்று புலம்புகிறவர்கள் இந்த ரப்பரைத்தான் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்கு மேல் மும்பையின் பங்கு. அடியில் இருக்கும் மூட்டுகள் சக்கரம் வாரியிறைக்கும் தண்ணீர் எட்டும் இடத்தில் இருக்கின்றன. ஜூலையில் கிங் சர்க்கிளிலோ ஹிந்த்மாதாவிலோ முழங்கால் தண்ணீரில் ஒரு தடவை போய் வந்தால் கிரீஸ் கழுவிப் போய் அதன் இடத்தில் சேறு வந்து உட்காரும். சேறும் கிரீஸும் கலந்தால் அது உயவு இல்லை, தேய்ப்புப் பசை. போதாக்குறைக்கு நகரத்துக்குள் டாக்ஸி என்றால் நாள் முழுக்க முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையே போய் வருவதுதான். நெடுஞ்சாலையில் நாலாவதில் போட்டுவிட்டு ஓடும் காருக்கு வராத தேய்மானம் இதற்குச் சீக்கிரம் வந்துவிடும்.

வேன்களின் கதை கொஞ்சம் வேறு. டொயோட்டா ஹையேஸ், மிட்சுபிஷி எல்300 மாதிரியான பழைய ஜப்பான் வேன்களில் இன்ஜின் முன்சீட்டுகளுக்கு அடியிலோ நடுவிலோ இருக்கும், கியர் பாக்ஸ் அதற்கும் பின்னால். பாக்ஸின் மண்டையில் குச்சியை நட்டால் அது ஓட்டுநரின் முதுகுப் பக்கம் வந்து நிற்கும். நடுவில் சூடான இன்ஜின் மூடி வேறு. ஆகவே கட்டளையை ஸ்டியரிங் தண்டிலிருந்து கீழே இறக்கித் தரைக்கு அடியில் நீள ராடாகப் பின்னால் கொண்டுபோவதுதான் கௌரவமான வழி. இங்கே ஸ்டியரிங் கியர் இடவசதிக்கான ஆடம்பரம் இல்லை, கட்டாயம்.

அப்புறம் ஏன் மறைந்தது? முன்னால் இரண்டு தனித்தனி சீட் வந்ததும் நடுவில் இடம் சும்மா கிடந்தது, குச்சியை அங்கேயே வைத்துவிட்டார்கள். ஐந்தாவது கியர் வந்தபோது தேர்வுக்கு இன்னொரு படி தேவைப்பட்டது. குழாயின் அந்தச் சில மில்லிமீட்டருக்குள் இன்னொரு படியை நுழைப்பது முடியாததில்லை, ஆனால் தேய்மானத்துக்கு விடும் இடம் இன்னும் குறுகிப்போகும். மோதலில் மடங்கிச் சுருங்க வேண்டிய ஸ்டியரிங் தண்டோடு இந்தக் கம்பிகளையும் கட்டி வைப்பது இன்னொரு தலைவலி. இங்கேயும் கடைசிக் காலப் பத்மினிகள் சிலவற்றில் தரைக் கியர் வந்துவிட்டது. 2003 அக்டோபரில் பதிவான கடைசிப் பத்மினி டாக்ஸிக்கு 20 வருட வரம்பு முடிந்து 2023 அக்டோபர் இறுதியில் அது சாலையை விட்டு இறங்கியது. ராடுகளின் வேலையைப் பிற்பாடு தள்ளவும் இழுக்கவும் கூடிய கேபிள்கள் எடுத்துக்கொண்டன. கேபிள் வளைந்து போகும் என்பதால் குச்சியை எங்கே வேண்டுமானாலும் நடலாம், ஐரோப்பிய வேன்களில் டேஷ்போர்டிலேயே நட்டுவிட்டார்கள். ஆட்டோ ரிக்ஷாவின் கைப்பிடியைத் திருகிக் கியர் மாற்றுவதும் கேபிளை வைத்துத்தான்.

வீட்டில் யாராவது ஒரு பத்மினியையோ பழைய அம்பாசடரையோ வைத்துக்கொண்டு கியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், வரிசை மட்டும் மாறக் கூடாது. முதலில் இன்ஜின் மவுண்ட் ரப்பர்கள், ஏனென்றால் பாக்ஸ் எங்கே உட்காருகிறது என்பதே அதுதான். பிறகு மூட்டுகளில் உள்ள புஷ்கள், ஒன்றிரண்டு அல்ல, எல்லாமே ஒரே தடவையில். அதன் பிறகுதான் பாக்ஸை நியூட்ரலில் வைத்து, குச்சியையும் நியூட்ரலில் வைத்து, ராடின் நீளத்தை நட்டைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். நட்டிலிருந்து ஆரம்பித்தால் தேய்ந்த புஷ்ஷுக்கு ஏற்ற நீளம்தான் கிடைக்கும், புஷ் மாற்றியதும் திரும்பவும் முதலிலிருந்து.