புரோபயாட்டிக்: சார்புயிரியா, நன்னுண்ணுயிரியா?

நாய்த் தீவன உறைகளில் 'புரோபயாட்டிக்', 'ப்ரீபயாட்டிக்' என்னும் இரு சொற்கள் அருகருகே அச்சாகின்றன. ஓரெழுத்து மாறியதுபோல் ஒலித்தாலும், முன்னது உயிருள்ள பொருள், பின்னது உயிரற்றது. தமிழாக்கத்தில் இந்த வேறுபாடே பெரும்பாலும் தொலைந்துபோகிறது.

'புரோ' என்னும் முன்னொட்டுக்கு 'ஆதரவாக' என்பது பொருள். 'பயாஸ்' உயிரைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 1965இல் லில்லி, ஸ்டில்வெல் என்னும் ஆய்வாளர்கள், ஒரு நுண்ணுயிரி சுரந்து மற்றொன்றின் வளர்ச்சியைத் தூண்டும் பொருளுக்கே, ஆன்டிபயாட்டிக்குக்கு மறுதலையாக, இப்பெயரைப் பயன்படுத்தினர். 1974இல் பார்க்கர் குடலின் நுண்ணுயிர்ச் சமநிலைக்கு உதவும் உயிரிகளையும் இதில் அடக்கினார். 1989இல் ஃபுல்லர், விலங்குக்கு நன்மை செய்யும் 'உயிருள்ள நுண்ணுயிர்த் தீவனச் சேர்க்கை' என்று அதை வரையறுத்தார். இன்று மனிதர் அருந்தும் தயிர்ப் பானங்களில் காணப்படும் இச்சொல் தீவனத் தொட்டி வழியாகவும் வந்ததென்பதைப் பலர் அறியார். போதிய அளவில் கொடுத்தால் ஓம்புயிருக்கு, அதாவது அவற்றைத் தன் உடலில் தாங்கும் உயிருக்கு, நலம் தரும் உயிருள்ள நுண்ணுயிரிகள் என்பது 2001இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய வல்லுநர் குழு தந்த வரையறை.

'சார்புயிரி' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பிறிதொன்றைச் சார்ந்து வாழும் உயிரி என்றே பொருள்படும். ஆகவே 'நன்னுண்ணுயிரி' என்பதே பொருத்தம். ஆனால் அந்த 'நன்மை' ஓம்புயிருக்கு ஓம்புயிர் மாறும். மனிதக் குடலில் ஃபியூசோபாக்டீரியா பெருகுவதை நோயோடு தொடர்புபடுத்துகிறார்கள். நலமான நாயின் குடலிலோ அவை இயல்பாகவே மிகுந்திருக்கின்றன. நாய்களுக்குக் கொடுக்கப்படும் என்டரோகாக்கஸ் ஃபேசியம் போன்ற பாக்டீரியாக்கள் இரைப்பை அமிலத்தைக் கடந்து உயிரோடு குடலை அடைய வேண்டும். அடைந்தாலும் பெரும்பாலும் அங்கே நிலைத்துக் குடியேறுவதில்லை என்பதால், பயன் வேண்டும் காலம்வரை தொடர்ந்து கொடுக்கிறார்கள்.

1995இல் கிப்சனும் ராபர்ஃப்ராய்டும் அறிமுகப்படுத்திய 'ப்ரீபயாட்டிக்'கை 'முன்னுயிரி' என்பது வெளிப்படையான பிழை, ஏனெனில் அது உயிரியே அன்று. சிக்கரி வேரிலிருந்து கிடைக்கும் இனுலின் போன்ற நார்ப்பொருள்களை நாயின் செரிமான நொதிகளால் உடைக்க இயலாது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களே அவற்றை நொதிக்கவைத்துக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன, அவற்றுள் பியூட்டிரேட் பெருங்குடல் உட்சுவரின் செல்களுக்கு ஆற்றல் தருகிறது. நாயின் வாய்வழியே சென்றாலும் ப்ரீபயாட்டிக் முதலில் அந்தப் பாக்டீரியாக்களுக்கான உணவு. அதனால் 'நுண்ணுயிரூட்டம்' என்பதையே நான் தேர்வேன்.