அனோரெக்ஸியா நெர்வோசான்னா 'பசியின்மை' இல்லீங்க

இந்த வாரத்துல மூணாவது தடவையா பார்க்கிறேன், ஒரு ஹெல்த் வீடியோவுக்குத் தமிழ் சப்டைட்டில் 'நரம்புப் பசியின்மைக்கு உளவியல் சிகிச்சை'ன்னு ஓடுது. எடை ஏறிடுமோன்னு பயந்து சாப்பாட்டை ஒதுக்குற மனநோய்தான் அனோரெக்ஸியா நெர்வோசா, அதைத்தான் இப்படி மொழிபெயர்த்திருக்காங்க. நரம்பும் தப்பு, பசியின்மையும் தப்பு.

சொல் பிறந்த கதை சின்னதுதான். கிரேக்கத்துல 'ஓரெக்ஸிஸ்'னா பசி, வேட்கை, முன்னாடி ஒட்டுற 'அன்' அது இல்லைன்னு சொல்லுது. லண்டன் டாக்டர் வில்லியம் கல் 1873ல இந்தப் பேரை வச்சார். 'நெர்வோசா'ன்னு அவர் சொன்னது மனசு சம்பந்தப்பட்டதுங்கிற அர்த்தத்துல, அதை நரம்புன்னு போட்டா நம்மாளு நேரா நியூராலஜிஸ்ட் கிட்டதான் போவாரு.

இப்ப பசியின்மைக்கு வர்றேன். மஞ்சக்காமாலை வந்தவருக்கு சோத்தைப் பார்த்தாலே குமட்டும், கேஸ் ஷீட்ல டாக்டர் வெறும் 'அனோரெக்ஸியா'ன்னு எழுதுவார், அது பசியின்மை, சரியான சொல். நெர்வோசா சேர்ந்தா நோயே வேற. இந்த நோய் வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குப் பசி இருக்கு, எடை ஏறிடுமோங்கிற பயம் அந்தப் பசியை அமுக்கி வச்சிருக்கு. அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல 1944-45ல 36 ஆரோக்கியமான ஆம்பளைங்களை ஆறு மாசம் அரைவயித்துல வச்சுப் பார்த்தாங்க, அவங்க சமையல் புஸ்தகம் படிக்கிறதும் சாப்பாட்டைப் பத்தியே பேசுறதுமா ஆயிட்டாங்க, பட்டினி கிடந்தா மனசு முழுக்க சோறுதான்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல பொண்ணுக்குப் பசி எடுக்கணும்னு அங்காயப்பொடி, இஞ்சி லேகியம், டானிக்னு ஆறு மாசம் குடுத்தாங்க, அவளோ ஒரு இட்லியைப் பிச்சுப் பிச்சு முக்கா மணி நேரம் தட்டுல நகர்த்திட்டு, எழுந்து போய் தம்பிக்கு நெய் தோசை ஊத்திக் குடுப்பா. பசியில்லைன்னு யாரோ மொழிபெயர்த்து வச்சதாலதான் அந்த டானிக், எனக்கு இதுல கோபமே வருது.

சிகிச்சையைப் பாருங்க, அதுலயே அர்த்தம் இருக்கு. லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில 1980கள்ல வளர்ந்த குடும்ப சிகிச்சையில, உடம்பை டாக்டர் ஒரு பக்கம் கவனிக்க, சாப்பாட்டுப் பொறுப்பைக் கொஞ்ச காலம் அப்பா அம்மா கையில குடுத்துடறாங்க. ரெண்டாவது சந்திப்புக்கு வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கிட்டு வரணும், போதும்னு பிள்ளை நிறுத்தின இடத்துக்கு மேல இன்னும் ஒரே ஒரு வாய் சாப்பிட வைக்கணும். எடை தேறத் தேற பொறுப்பு திரும்பப் பிள்ளை கைக்குப் போகும். ஆக்ஸ்ஃபோர்டுல மனநல டாக்டர் ஃபேர்பர்ன் உருவாக்குன முறை தனியாளோட பேசுறது, எடை ரொம்பக் குறைஞ்சவங்களுக்குச் சுமார் 40 வாரம், வாரம் ஒரு தடவை எடை மெஷின்ல ஏறி வர்ற நம்பரை நோயாளியும் சிகிச்சை குடுக்கிறவருமா சேர்ந்து பார்ப்பாங்க. பசியைத் தூண்டுற வேலை ரெண்டுலயும் கிடையாது, பயத்தோடதான் மல்லுக்கட்டு.

'உண்ணாநோன்பு'ன்னு சிலர் சொல்றாங்க, வேண்டாம், நோன்புக்குப் பாரணைன்னு ஒரு முடிவு உண்டு, இதுக்கு இல்லை. 'உணவு மறுப்பு' ஜெயில் கைதி போராட்டம் மாதிரி கேக்குது. நான் சொல்றது 'உணவொறுப்பு நோய்'. ஒறுத்தல்னா தண்டிக்கிறது, அடக்குறது, தவக்காலத்துல கத்தோலிக்க வீடுகள்ல இன்னைக்கும் புழங்குற சொல்தான், வேணும்னு இருக்கிறதைத் தனக்குத் தானே இல்லேன்னு ஆக்கிக்கிறது. வேணும்னே செய்ற மாதிரி இருக்கேன்னு கேப்பீங்க, அதுக்குத்தான் பின்னாடி 'நோய்' ஒட்டியிருக்கு, அதை வெட்டிடாதீங்க. ஜெர்மன்காரங்க பசியை விட்டுட்டு மெலிவை வச்சு 'மாகர்ஸுக்ட்'னு பேர் வச்சிருக்காங்க, அவங்களுக்கு முடிஞ்சது நமக்கு ஏன் முடியாது?

அகராதியில முதல்ல கிடைக்கிற அர்த்தத்தை ஒட்டிட்டுப் போற மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். என் சொல் பிடிக்கலைன்னா 'அனோரெக்ஸியா நெர்வோசா'ன்னு அப்படியே தமிழ் எழுத்துல போட்டுடுங்க, அந்த மாதிரிப் பிள்ளையோட அம்மா டானிக் வாங்கப் போறதுக்கு முன்னாடி இது என்னன்னு யார்கிட்டயாவது கேப்பாங்க.