கதவு சாத்திய கூட்டமும் தீர்மானப் புத்தகமும்

தினசரிச் சந்தையில் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், மடித்து மடித்து நைந்துபோன பதில் கடிதத்தோடு என்னிடம் வந்தார். கடை வாடகையை உயர்த்தித் தீர்மானம் போட்ட மன்றக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தார். கூட்டம் பொதுமக்களுக்கானது அல்ல, ஆகவே வழங்க இயலாது என்று ஒரே வரியில் பதில். எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று ஒரு எண்கூட இல்லை. இருபது வருட வக்கீல் தொழிலில், எண் இல்லாத மறுப்பைக் கண்டாலே எனக்குச் சந்தேகம்தான்.

கூட்டத்துக்குள் விடாமலிருப்பது ஒன்று. அங்கே முடிவானதைச் சொல்ல மறுப்பது வேறொன்று. அலுவலகங்கள் இரண்டையும் சேர்த்துக் குழப்பிவிடுகின்றன, நாமும் நம்பிவிடுகிறோம்.

கூட்டம் என்றால் திறந்தே நடக்க வேண்டும், மூடுவதானால் இந்தப் பத்துக் காரணங்களில் ஒன்றைச் சொல் என்று அமெரிக்காவில் மத்திய அரசின் ஆணையங்களுக்கு 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. நம்மிடம் அப்படிப் பொதுவான சட்டம் இல்லை. நாடாளுமன்றக் குழுக்கள் விதிப்படியே மூடிய அறையில் கூடுகின்றன. அமைச்சரவையைக் கேட்கவே வேண்டாம். கிராம சபை நேர்மாறு: வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் அதன் உறுப்பினர்கள், அவர்களை வெளியே போகச் சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை. மற்ற அமைப்புகளுக்கு அவற்றின் சட்டமும் விதியும் என்ன சொல்கின்றனவோ அதுதான்.

ஆனால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு அலுவலகமும் தன் குழுக்களின் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்ததா, அதன் நடவடிக்கைக் குறிப்பு கிடைக்குமா என்று தானாகவே வெளியிட வேண்டும். சட்டமே இரண்டையும் பிரித்துத்தான் கேட்கிறது. குறிப்பைத் தர மறுத்தால் காரணத்தையும், யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் எழுதியாக வேண்டும். நடக்கும் விசாரணை கெட்டுவிடும், ஒரு நிறுவனத்தின் வணிக ரகசியம் வெளியாகும் என்பவை போன்ற விலக்குகள் எட்டாவது பிரிவில் உண்டு. அப்போதும் அந்தப் பகுதியை மறைத்துவிட்டு மிச்சத்தைத் தரலாம். அமைச்சரவை முடிவுக்கே, விஷயம் முடிந்தபின் காரணங்களை வெளியிட வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. சந்தைக் கடை வாடகை அதைவிடப் பெரிய ராணுவ ரகசியமா?

முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் கெடு. பெரியவர் வந்தது இருபத்தாறாவது நாள். அன்று மாலையே மனு எழுதினோம். நகல் மட்டும் கேட்காமல், பதிவேட்டை நேரில் பார்வையிடவும் முதல் மனுவிலேயே அவர் கேட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. நகலில் ஒரு பக்கம் விடுபட்டால் தெரியாது, புத்தகத்தில் தெரியும்.

அனுமதி கிடைத்தது. "மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்" என்று வைக்கப்பட்ட பொருளுக்குக் கீழே, "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்றிருந்தது. தான் எழுந்து நின்று எதிர்த்ததாகச் சந்தை முழுக்கச் சொல்லிவந்த வார்டு உறுப்பினரின் கையெழுத்து மூன்றாவதாக இருந்தது.

"நகல் எவ்வளவு ஐயா?" என்றார் பெரியவர். பக்கத்துக்கு 2 ரூபாய் என்றேன். ஐந்து பிரதி கேட்டார்.