ஸ்வேட் சோஃபாவுக்கு லெதர் க்ரீம் தடவாதீர்கள்

இந்த மாதத்தில் நான் சுத்தம் செய்யப் போன இப்படிப்பட்ட சோஃபாக்களில் இது மூன்றாவது. வேளச்சேரியில் ஒரு வீடு. வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. தலை சாய்க்கிற இடத்தில் லேசாக எண்ணெய்க் கறை தெரிந்ததும், அந்த அம்மா லெதர் கண்டிஷனர் என்கிற தோல் க்ரீமை வாங்கி சோஃபா முழுக்க இரண்டு முறை தடவியிருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது மெத்தென்று இருக்கவேண்டிய துணி பிசுக்கேறி, திட்டுத்திட்டாகப் படிந்து கிடந்தது. “லெதர்னு சொல்லித்தானே தம்பி கடையில குடுத்தாங்க?” என்றார். அவரிடம் கோபப்பட மனம் வரவில்லை. விற்றவர்மீதுதான் கோபம்.

அது தோலே இல்லை, செயற்கை ஸ்வேட். நிஜ ஸ்வேட் என்பது தோலின் உட்பக்கத்தைத் தேய்த்து மெத்தென்று ஆக்குவது. செயற்கை ஸ்வேட் நூலிலிருந்து வருவது. 1970இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ உருவாக்கிய அல்ட்ராஸ்வேட் இதற்கு முன்னோடி. கார் சீட்டுகளில் வருகிற இத்தாலிய அல்கான்டாராவும் அந்த வழிதான். அதில் ஏறக்குறைய 68 சதவீதம் பாலியஸ்டர், மீதி பாலியூரித்தேன். நம் ஊர்க் கடைகளில் ‘ஸ்வேட்’ என்று விற்கிற சோஃபாத் துணி பெரும்பாலும் வெறும் பாலியஸ்டர். பாலியஸ்டர் புடவைக்கு யாராவது கண்டிஷனர் தடவுவோமா? தோல் காய்ந்தால் வெடிக்கும், அதனால் அதற்கு எண்ணெய்ப்பசை வேண்டும். பாலியஸ்டருக்கு அந்தத் தேவையே கிடையாது. எண்ணெய் பட்டால் இறுகப் பிடித்துக்கொள்ளும், அதன்மேல் தூசி ஒட்டும், பிறகு கறுக்கும். தேங்காய் எண்ணெய், ஷூ பாலீஷ், டாஷ்போர்டு ஸ்பிரே எல்லாவற்றுக்கும் இதே கதிதான். நிஜ ஸ்வேட்டுக்கே வழவழப்பான தோலுக்கான க்ரீம் ஆகாது.

நான் எடுக்கிற கறைகளில் முதலிடம் தலையெண்ணெய்க்குத்தான். தலைப்பக்கம் ஒரு பருத்தித் துண்டைப் போட்டு வாரம் ஒருமுறை துவைத்தாலே பாதிப் பிரச்சினை வராது. அழகு கெடுகிறது என்று எடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

எண்ணெய் புதிதாகப் பட்டிருந்தால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, சோள மாவையோ டால்கம் பவுடரையோ தூவி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் வேக்கம் போடுங்கள்.

அதற்குமேல் எதுவும் செய்யும்முன் குஷனைத் திருப்பி, அடியில் தைத்திருக்கிற லேபிளைப் பாருங்கள். அதில் டபிள்யூ என்ற எழுத்து இருந்தால் தண்ணீர் கலந்த கிளீனர் சரி. எஸ் என்றால் தண்ணீர் கூடாது, சால்வென்ட், அதாவது தண்ணீர் இல்லாத டிரை கிளீனிங் திரவம் மட்டும். இரண்டு எழுத்தும் இருந்தால் இரண்டும் சரி. எக்ஸ் என்றால் வேக்கம் மட்டும்தான். லேபிளே இல்லாவிட்டால் பின்பக்கம் மறைவான இடத்தில் சோதித்து, முழுக்கக் காய்ந்தபின் பார்த்து முடிவெடுங்கள்.

தண்ணீர் தாங்குகிற துணியிலும் கறை பட்ட இடத்தை மட்டும் நனைத்தால் காய்ந்தபிறகு வளையம் நிற்கும். அதனால் ஒரு தையலிலிருந்து அடுத்த தையல்வரை முழுப் பகுதியையும் பிழிந்த வெள்ளைத் துணியால் சமமாகத் துடைக்க வேண்டும். வெள்ளைத் துணி ஏன் என்றால், சிவப்புத் துண்டின் சாயம் ஏறிய சோஃபாவையும் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஃபேன் காற்றில் காயவிட்டு மெல்லிய பிரஷ்ஷால் நீவிவிட்டால் போதும், படிந்த இழைகள் எழுந்துவிடும். துணி துவைக்கிற பிரஷ், ப்ளீச், நெயில் பாலீஷ் ரிமூவர், சூடான இஸ்திரிப்பெட்டி இவை எதுவும் பக்கத்தில்கூட வரக்கூடாது. சாயம் போகிற புது ஜீன்ஸோடு வெளிர்நிற சோஃபாவில் உட்காரவும் வேண்டாம்.

வேளச்சேரி சோஃபாவுக்கு இரண்டு நாள் உழைத்தேன். இருக்கைகள் ஓரளவு தேறிவிட்டன. தலைப்பக்கம் தேறவில்லை, அங்கே மட்டும் துணியை மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன்.