உச்சிக்குழி ஏன் மூடாமல் காத்திருக்கிறது?

ஐந்து மாதப் பேரனுக்கு அம்மம்மாவான ஆரையம்பதி வாசகி ஒருவர் இரண்டு கேள்விகளை ஒன்றாக எழுதியிருந்தார். குழந்தையின் உச்சி விடாமல் துடிக்கிறதே, அது பலவீனத்தின் அறிகுறியா? பின்தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது. நாள்தோறும் எண்ணெய் வைத்து உள்ளங்கையால் அமத்தி உருட்டிவந்தால் வடிவம் வருமா? இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் கிடப்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலாண்டு வளர்ச்சியின் பொதுக் கணக்கு பலரும் அறிந்ததே. பிறந்த சில நாட்களில் நிறை சற்றே இறங்கி, ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் பழைய அளவுக்கு மீளும். ஐந்தாம் மாதமளவில் இரட்டிப்பாகும். ஆண்டு நிறைவில் மூன்று மடங்கை எட்டும். 50 சென்ரிமீற்றர் நீளத்தோடு பிறந்த பிள்ளை 75ஐத் தொடும். கிளினிக்கிலே மருத்துவ மாது பதிவேட்டில் நிறைக்கான புள்ளியை வைக்கும்போது தாய்மார் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். தலையைச் சுற்றி நாடா போவதை மட்டும் யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எனக்கோ அந்த அளவின் மேல்தான் ஆசை அதிகம்.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி நியமங்களின்படி, நடுத்தரமான ஓர் ஆண்குழந்தையின் தலைச் சுற்றளவு பிறக்கும்போது 34.5 சென்ரிமீற்றர், ஓராண்டில் 46.1. பெண்குழந்தைக்கு 33.9 இலிருந்து 44.9. மூன்றிலொரு பங்குதானே கூடியிருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் பள்ளிக்கூடக் கணிதத்தை நினைத்துப் பாருங்கள்: ஒரு கோளத்தின் கனவளவு சுற்றளவின் மூன்றாம் வலுவுக்கேற்பக் கூடுகிறது. 46.1ஐ 34.5ஆல் வகுத்து வரும் விடையை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் ஏறத்தாழ 2.4 கிடைக்கும். தலை உண்மையான கோளமல்ல என்றாலும் கணக்கு வெகுதூரம் பிழைப்பதில்லை. மூளையின் கனவளவு முதலாண்டில் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பதைப் படமெடுத்து அளந்தவர்களும் கண்டிருக்கிறார்கள். பிறகு வேகம் தணிந்துவிடும்; இரண்டாம் ஆண்டு முழுவதும் சுற்றளவு இரண்டு சென்ரிமீற்றரளவே கூடும்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இவ்வளவு விரைவாகப் பெருக்கும் மூளையை, என்பாலான பெட்டிக்குள் வைத்து வளர்ப்பது எப்படி? என்பு இறப்பர் போல இழுபடாது. அதனால் மண்டையோடு ஒரே பெட்டியாகப் பிறப்பதில்லை. நெற்றியிலுள்ள நுதலென்பு இரு பாதிகளாகவும், தலையின் இருபுறமும் உள்ள சுவரென்புகள் இரண்டாகவும், பின்தலையின் பிடரென்பு தனியாகவும், இன்னும் சில பக்க என்புகளுமாக, நாரிழையத்தாலான ஒடுங்கிய பொருத்துகளால் இணைந்த தகடுகளாகவே அது இருக்கிறது. மூன்று நான்கு தகடுகள் சந்திக்கும் மூலைகளில் பொருத்து அகன்று குழியாகிறது. அப்படிப்பட்ட குழிகள் ஆறு உள்ளன. நாம் உச்சி என்று தடவிப் பார்ப்பது அவற்றில் மிகப் பெரியதை. பிறப்புப் பாதையில் இத்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி, தலையை ஒடுக்கி, வெளியே வந்ததும் சில நாட்களில் தத்தம் இடத்துக்குத் திரும்புகின்றன.

நம் பக்கத்தில் பன்பாய் இழைப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு அடுத்த படி எளிதாக விளங்கும். ஓரத்திலே பன்கள் மடிக்கப்படாமல் நீட்டிக்கொண்டிருக்கும் வரைதான் பாயை அகலப்படுத்தலாம்; ஓரம் மடித்து முடிந்துவிட்டால் அந்தப் பாய் அந்த அளவுதான். மண்டையோட்டுத் தகடும் அவ்வாறே தன் ஓரத்தில் வளர்கிறது. மூளை பெருக்கும்போது அதைப் போர்த்தியிருக்கும் வன்றாயி என்ற தடித்த சவ்வு விரிகிறது. அந்த விரிவு தகடுகளை மெல்ல விலக்குகிறது. விலகிய ஓரங்களில் என்பாக்கும் கலங்கள் புதிய என்பைப் படிய விடுகின்றன. பொருத்தின் நடுவிலுள்ள கலங்களோ என்பாகிவிடாமல் இளமை நிலையிலேயே நிற்கின்றன. அவையும் என்பானால் இரு தகடுகளும் ஒட்டிப்போய், பாயின் ஓரம் மடிந்துவிடும்.

அந்தக் கலங்களைப் பொறுத்திருக்கச் சொல்வது யார்? பெரும்பங்கு அந்த வன்றாயியினுடையது என்பதே இந்தக் கதையில் என்னை மிகவும் மகிழ்விக்கும் செய்தி. 1990களில் எலிக்குட்டிகளின் மண்டைப் பொருத்துகளை எடுத்து, வன்றாயியோடு சேர்த்தும் அதை நீக்கியும் வேறிடத்தில் பதித்துப் பார்த்தார்கள். வன்றாயி கூட இருந்த பொருத்துகள் திறந்திருந்தன. அதை இழந்தவை சிறிது காலத்தில் என்பாகி மூடிக்கொண்டன. அச்சவ்வு இரசாயனச் சைகைகளை அனுப்பி, பொறு, இன்னும் பொறு என்று என்பைத் தடுத்துவைக்கிறது. பெயரும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. வன்றாயி என்றால் வலிய தாய். 'டூரா மாட்டர்' என்ற இலத்தீன் சொல்லின் நேர்ப்பொருள் அது. இலத்தீனுக்கோ அது மத்திய காலத்தில் அரபு மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தபோது வந்து சேர்ந்தது. காத்தான்குடியிலும் கல்முனையிலும் பிள்ளைகள் தாயை 'உம்மா' என்று கூப்பிடுகிறார்களே, அந்தச் சொல்லின் அரபு மூலம்தான் மூளையைப் போர்த்தும் சவ்வுக்கும் பெயராக இருந்தது.

பெட்டியின் அளவைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் பொருள்தான் என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. மூளை வளராத குழந்தையின் மண்டையோடு சிறியதாகவே நின்றுவிடுகிறது. மூளைக்குள் நீர் தேங்கினால் அதே மண்டையோடு அளவுக்கு மீறிப் பெருக்கிறது. ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பிறப்புகளில் ஒன்றில் ஏதாவதொரு பொருத்து காலத்துக்கு முன்பே ஒட்டிவிடுவதுண்டு. அப்போது தலை அந்தப் பொருத்துக்குக் குறுக்காக அகல முடியாமல், அதன் வழியே நீள்கிறது. இதை 1851இல் ஜெர்மானிய மருத்துவர் ருடோல்ஃப் வீர்ஹோ விளக்கினார். நடு உச்சியில் முன்பின்னாக ஓடும் பொருத்து ஒட்டினால் தலை ஒடுங்கி நீண்டு, நம் வாவித் தோணியைக் கவிழ்த்து வைத்தாற்போல ஆகிவிடும். மருத்துவர்கள் அதற்கு இட்ட கிரேக்கப் பெயரிலும் தோணிதான் இருக்கிறது. இதைச் சத்திரசிகிச்சையால் சரிசெய்யலாம், அதுவும் முதலாண்டுக்குள் செய்வது நல்லது.

இப்போது வாசகியின் முதற் கேள்வி. உச்சியின் மேல் என்பு இல்லாததால், மூளையின் நாடிகளில் ஓடும் துடிப்பு தோலின் கீழ் தெரிகிறது. அமைதியாகக் கிடக்கும் குழந்தையிடம் நிமிடத்துக்கு 120 அளவில் எண்ணலாம். அது இயல்பானது. கவனிக்க வேண்டியவை வேறு. வயிற்றாலடியும் வாந்தியும் உள்ள குழந்தையின் உச்சி பள்ளமாகத் தெரிந்தால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். 'உச்சி விழுந்துவிட்டது' என்று அதையே ஒரு நோயாக எண்ணி, பச்சிலை அரைத்து வைத்துத் தூக்கிவிடப் பார்க்கும் வழக்கம்தான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. நாவூறுக்குக் கறுப்புப் பொட்டு வைப்பதால் ஒரு கேடுமில்லை, வைத்துவிட்டுப் போகட்டும். ஆனால் விழுந்த உச்சிக்கு வேண்டியது நீர். தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுத்தபடி, நீரிழப்பை ஈடுசெய்யும் ஜீவனித் தூளைக் கரைத்துக்கொடுப்பது பற்றிக் கேட்பதற்கும் சேர்த்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அழாமல் நிமிர்ந்திருக்கும்போதும் உச்சி புடைத்து இறுகியிருந்தால், காய்ச்சலும் சேர்ந்திருந்தால், அதற்கும் தாமதம் கூடாது.

இரண்டாவது கேள்விக்கு விடை, அமத்த வேண்டாம் என்பதே. எண்ணெய் தடவுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாளுக்குப் பத்து நிமிடம் உள்ளங்கை தரும் அழுத்தத்தை, மணிக்கணக்காகத் தலையணையும் ஏணையும் தரும் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மென்மையான தகடு எந்தப் பக்கம் நெடுநேரம் ஊன்றியிருக்கிறதோ அந்தப் பக்கம் வளர இடமின்றித் தட்டையாகிறது. உள்ளிருந்து தள்ளும் மூளை தடையில்லாத பக்கத்துக்குப் போகிறது. குழந்தையை மல்லாக்காகத்தான் தூங்கவைக்க வேண்டும், திடீர் மரணத்தைத் தடுக்க அதுவே பாதுகாப்பு. விழித்திருக்கும்போது, பெரியவர் ஒருவர் பக்கத்திலிருக்க, குப்புறப் படுக்கவைக்கலாம். கிடத்தும் திசையை நாளுக்கு நாள் மாற்றினால், வெளிச்சத்தைத் தேடித் தலையும் மறுபக்கம் திரும்பும். ஒரே பக்கமாகவே கழுத்தைச் சாய்த்திருக்கும் பிள்ளையின் கழுத்துத் தசையை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அந்த அம்மம்மா தானே அளந்த ஓர் அளவையும் அனுப்பியிருந்தார்: 44. ஐந்து மாதத்துக்குச் சற்றுப் பெரிதாகத் தோன்றவே எப்படி அளந்தீர்கள் என்று கேட்டேன். நாடா காதுமடல்களையும் சேர்த்துச் சுற்றி ஓடியிருந்தது. பின்தலையின் புடைப்பை விட்டுத் தாழ இறங்கியிருந்தது. நாடாவோ பல காலம் தையல் மெஷினில் கிடந்து தொடக்க முனை தேய்ந்துபோன பழையது. புருவத்துக்குச் சற்று மேலாகவும், காதுகளுக்கு மேலாகவும், பின்தலையின் மிகப் புடைத்த இடத்தின் மேலாகவும் சுற்றி, மூன்று முறை அளந்து பெரியதை எழுதும்படி சொன்னேன். அறிவியலில் இதைவிட மலிவான கருவி இருக்குமோ என்னவோ. பதிவேடுகளில் வீட்டுக்கு வீடு முடங்கிக் கிடக்கும் இந்த எண்களைத் திரட்டி ஆராய, பெரிய இயந்திரங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு துளியையாவது ஒதுக்கலாம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

புதிய நாடாவில் 42.5 வந்தது. அந்த வயதுக்கு நடுவான அளவு 42.6. அடுத்த மாதம் இதே நாளில் அளந்தால் அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் கூடியிருக்க வேண்டும். எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.