யுனிவர்சிட்டி பிரஸ்: அச்சகமா, பதிப்பகமா?

"ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட நூல்"னு இன்னொரு தடவை படிச்சா எனக்கு பிபி ஏறிடும் போல. நல்லா எழுதுறவங்களே அடிக்குறிப்புல அச்சகம் அச்சகம்னு போட்டுட்டுப் போறாங்க. மெஷின் மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டுற கோஷ்டி இன்னும் ஒரு படி மேல, அவங்களுக்கு அது "பல்கலைக்கழக பத்திரிகை".

பிரஸ்ங்கிற சொல்லோட கதை சின்னதுதான். அழுத்துறதுக்கான லத்தீன் வினையில இருந்து பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தது. திராட்சை பிழியிற திருகு எந்திரத்துக்கு முதல்ல அந்தப் பேரு, அப்புறம் அதே மாதிரி திருகு வெச்சு தாளை அழுத்தி அச்சடிக்கிற எந்திரத்துக்கு, அப்புறம் எந்திரம் இருக்கிற கூடத்துக்கு, அதை நடத்துற நிறுவனத்துக்கு, கடைசியில பத்திரிகைக்காரங்க மொத்தப் பேருக்கும். இங்கிலீஷ்காரன் ஒரே சொல்ல வெச்சு சமாளிக்கிறான், நம்மகிட்ட ஒவ்வொண்ணுக்கும் தனிச் சொல்லு இருக்கு, அப்புறம் எதுக்கு இந்தக் குழப்பம்?

அச்சகம்னு சொல்றவங்க வாதம் என்னன்னா, பிரஸ்னா நேர் அர்த்தம் அதுதானே, வரலாறும் அப்படித்தானேங்கிறது. பாதி உண்மை. 1478ல ஜெர்மனியோட கொலோன் ஊர்ல இருந்து வந்த தியோடோரிக் ரூட் ஆக்ஸ்போர்டுல முதல் புத்தகத்தை அடிச்சார்னு சொல்றாங்க (ரோமன் எண்ல ஒரு பத்து விட்டுப்போய் அதுல 1468னு விழுந்தது தனிக் கூத்து). கேம்பிரிட்ஜுக்கு ராஜா எட்டாம் ஹென்றி 1534ல அச்சடிக்கிற உரிமைச் சாசனம் கொடுத்தும் முதல் புத்தகம் வர 50 வருஷம் ஆச்சு, 1584ல தாமஸ் தாமஸ்ங்கிறவர் வந்துதான் அடிச்சார். அப்புறம் ஆக்ஸ்போர்டுல ஜான் ஃபெல்ங்கிற மதகுரு ஹாலந்துல இருந்து எழுத்து அச்சுகளை வரவழைச்சு பல்கலைக்கழகத்தோட ஷெல்டோனியன் அரங்கத்துல அச்சடிச்ச காலம். இதையெல்லாம் எழுதும்போது அச்சுக்கூடம்னு தாராளமா போடுங்க, அங்க நிஜமாவே எந்திரம் ஓடுச்சு.

ஆனா அந்த நிறுவனத்தோட உயிர் எந்திரத்துல இல்லையே. எந்தப் புத்தகம் வரணும்னு முடிவு பண்றது ஆக்ஸ்போர்டுல டெலிகேட்ஸ், கேம்பிரிட்ஜுல சிண்டிக்ஸ், ரெண்டும் பேராசிரியர்கள் குழு. ஆக்ஸ்போர்டு இங்கிலீஷ் அகராதியவே எடுத்துக்குங்க, முதல் பகுதி 1884ல வந்துச்சு, முடிஞ்சது 1928ல, நடுவுல ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே 1915ல செத்தே போயிட்டார். 44 வருஷம் ஒரு புத்தகத்துக்குப் பணம் போட்டு, ஆள் வெச்சு, சீக்கிரம் முடிங்கன்னு சண்டையும் போட்டுக் காத்திருந்தது அச்சகம் பண்ற வேலையா? நம்ம ஆளுகிட்ட அச்சகம்னு சொல்லிப் பாருங்க, கல்யாணப் பத்திரிகை, பில் புக், சிவகாசி காலண்டர்தான் ஞாபகம் வரும். ஆர்டர் எடுப்பாங்க, அடிப்பாங்க, காசு வாங்குவாங்க, உள்ள என்ன எழுதியிருக்குன்னு அவங்களுக்குக் கவலையே இல்ல, அது அவங்க தப்பும் இல்ல.

இன்னொண்ணு, ஆக்ஸ்போர்டு தன் பிரதான அச்சுக்கூடத்தை 1989லயே மூடிடுச்சு. கேம்பிரிட்ஜும் 2012ல அச்சு வேலைய வெளியாள்கிட்ட விட்டுடுச்சு. சொந்தமா அச்சடிக்கவே அடிக்காத இடத்தை அச்சகம்னு கூப்பிடறோம்!

சரி, நேர் அர்த்தம்தான் வேணும்னு அடம்பிடிக்கிறவங்களுக்கும் பதிப்பகமே போதும். பதித்தல்னா என்ன, அழுத்திப் பதிய வைக்கிறது. லத்தீன் வினையில இருக்கிற அதே அழுத்தம் இதுலயும் இருக்கு, கூடவே பதிப்பு, பதிப்பாசிரியர்னு ஏட்டுச்சுவடிய ஒப்பிட்டு, பாடபேதம் (சுவடிக்குச் சுவடி சொல்லு மாறுறது) பார்த்து, புத்தகமாக்குற உழைப்பும் சேர்ந்து வருது. உ.வே.சா. நூல்களைப் பதிப்பிச்சார்னுதானே சொல்றோம், அச்சடிச்சார்னா சொல்றோம்? ஒரு சொல்லுல ரெண்டு காரியமும் நடக்குது, இதவிட என்ன வேணும்.

"வெளியீட்டுக் கழகம்"னும் சிலர் எழுதுறாங்க. பல்கலைக்கழக வெளியீட்டுக் கழகம், ரெண்டு கழகம், வாய் வலிக்குது. "வெளியீட்டகம்" தப்பில்ல, ஆனா பதிப்பகம் ஏற்கெனவே எல்லார் வாயிலயும் இருக்கும்போது எதுக்கு?

அகராதியில முதல் வரியில இருக்கிற அர்த்தத்த எடுத்து ஒட்டிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போற பழக்கம்தான் இதுக்கெல்லாம் காரணம், அந்த நிறுவனம் என்ன செய்யுதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சாலே சொல்லு தானா வந்துடும். தனித்தமிழ் பேசுறவங்களும் ஆக்ஸ்போர்டை ஆக்சுபோர்டு ஆக்குறதுல காட்டுற அக்கறைய இதுல காட்டல. கூடவே "பல்கலைக்கழகப் பதிப்பகம்"னு நடுவுல ஒரு ப் போட்டா இன்னும் நல்லது.

2021ல கேம்பிரிட்ஜ் தன் பதிப்பகத்தையும் தேர்வு நடத்துற பிரிவையும் ஒண்ணாக்கி, பிரஸ் அண்ட் அசெஸ்மென்ட்னு பேர் வெச்சிருக்கு. இதை யாராவது "பல்கலைக்கழக அச்சகமும் மதிப்பீடும்"னு போடறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்: கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் மற்றும் தேர்வுத்துறை.