ஓடைக்கரைச் சருகு குப்பையன்று

மாணவர்களை ஓடைக்கரைக்கு அழைத்துச் செல்லும்போது நான் முதலில் நீரைக் காட்டுவதில்லை. மரத்தடிச் சருகை விலக்கி, அதன் கீழுள்ள மண்ணில் ஒரு பிடி எடுத்து முகரச் சொல்கிறேன். மழைக்குப் பின் எழும் அதே மண்வாசனை அதில் இருக்கும். மண்வாழ் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருளே அதற்குக் காரணம். பிறகு அந்த இடத்திலும், சருகு கூட்டி அள்ளப்பட்டு மிதிபட்டு இறுகிய இடத்திலும் ஒவ்வொரு குவளை நீரை ஊற்றச் செய்கிறேன். முதல் இடத்தில் நீர் உள்ளிறங்குகிறது. இரண்டாவதில் மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடையை நோக்கி வழிகிறது.

அவ்வாறு வழியும் மண்ணில் எது நெடுந்தொலைவு போகும் என்பதையும் எளிதில் அறியலாம். கண்ணாடிக் குப்பியில் மண்ணும் நீரும் சேர்த்துக் குலுக்கி வைத்தால், மணல் ஒரு நிமிடத்திற்குள் படிந்துவிடும், வண்டலுக்குச் சில மணி நேரமாகும், 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய களிமண் துகள்களோ மறுநாளும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். ஓடையில் நுண்மண் கூழாங்கற்களின் இடுக்குகளை அடைத்துவிட, அங்கு ஒண்டி வாழும் மே ஈ என்னும் பூச்சிகளின் இளவுயிரிகள் இடமிழந்து போகின்றன. கரைமரங்களை வெட்டினால் அவற்றின் துன்பம் இரட்டிப்பாகும். ஏனெனில் 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீர் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கொள்ளும் என்றால், நிழலின்றி 30 டிகிரிக்குச் சூடேறிய நீர் 7.5 அளவுதான் கொள்ளும்.

ஒருமுறை தூய்மைப்பணிக்கு வந்த தன்னார்வலர்கள் நெகிழிப் பைகளோடு நீரில் ஊறிக்கிடந்த இலைகளையும், விழுந்த கிளைகளையும் சேர்த்தே அள்ளிக் கரையேற்றிவிட்டார்கள். அவர்களிடம் முன்கூட்டியே விளக்காதது என் தவறு. இன்றும் அது என்னை வருத்துகிறது. நிழல் அடர்ந்த சிற்றோடைகளில் பாசி குறைவாகவே வளர்வதால், உதிரும் இலையே அங்குள்ள உயிர்களின் முதன்மை உணவு. இலையில் முதலில் பூஞ்சை படர்ந்து அதை மென்மையாக்குகிறது. பின்னர் பூச்சிகளின் இளவுயிரிகள் அதைக் கத்தரித்து உண்கின்றன. அவை சிதறவிடும் துகள்களைக் கீழ்நீரோட்டத்தில் வாழ்பவை வடிகட்டி உண்கின்றன. விழுந்த கிளையோ நீரின் வேகத்தைத் தடுத்து, மீன்குஞ்சுகள் ஒதுங்கும் மடுவை உண்டாக்குகிறது.

எனவே இப்போது பணி தொடங்குமுன், அள்ளிய கிளையொன்றைத் திருப்பி அதன் அடிப்புறத்தைக் காட்டுகிறேன். சிறு கற்களையும் குச்சிகளையும் பட்டு இழையால் ஒட்டிக் கட்டிய விரற்கணு அளவுக் கூட்டிலிருந்து ஒரு புழு தலையை நீட்டும்போது, கிளையைக் கிடந்த இடத்திலேயே திரும்ப வைக்கும்படி நான் சொல்லவேண்டியிருப்பதில்லை.